ஒன்பது விநாடி இரைச்சல்

போன வாரம் ஒரு ராத்திரி, நண்பரிடம் இரவல் வாங்கிய டிவிடியில் 'டாக்டர் ஹூ' பார்த்துக்கொண்டிருந்தேன். பிபிசியின் பழைய அறிவியல் புனைகதைத் தொடர். நான் போட்டது 1966-இல் வந்த 'தி டென்த் பிளானட்' என்ற கறுப்பு வெள்ளைக் கதை. தென் துருவத்தில் ஒரு விண்வெளித் தளம். வெளியே பனிப்புயல். உடம்பெல்லாம் இயந்திரமாகிப்போன சைபர்மேன்கள் உள்ளே புகுகிறார்கள். மூன்று பாகம் முடிந்து நான்காவது தொடங்கியதும் அத்தனை பேரும் கார்ட்டூன் ஆகிவிட்டார்கள். குரல் மட்டும் அதே குரல். ஏதோ கோளாறு என்று நினைத்து ரிமோட்டைத் தட்டினேன், தட்டை எடுத்துத் துடைத்துப் போட்டேன். மறுபடியும் கார்ட்டூன்தான்.

விசாரித்தால், அந்த நான்காம் பாகத்தின் படம் இன்னும் கிடைக்கவில்லையாம். 2013-இல் டிவிடி போட்டபோது, மிஞ்சியிருந்த ஒலிக்குப் பொருத்தமாகப் படம் வரைந்து ஒட்டியிருக்கிறார்கள்.

காணாமல் போனது ஏனோதானோ பாகமும் இல்லை. டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல்லுக்கு அப்போது உடம்பு முடியாமல் போயிருந்தது. கதாநாயகன் போனால் தொடரையும் மூட வேண்டியதுதானே? அவர்கள் வேறு வழி பிடித்தார்கள். டாக்டர் வேற்றுக்கிரகத்து ஆள். கூடுவிட்டுக் கூடு பாய்கிற மாதிரி முகத்தை மாற்றிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். 1966 அக்டோபர் 29 அன்று கிழவர் தன் கால இயந்திரத்துக்குள் சரிந்து விழுகிறார். ஒளி பரவுகிறது. கிடப்பது பேட்ரிக் ட்ரௌட்டன் என்ற வேறொரு நடிகர். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் வந்து போய்விட்டார்கள், டாக்டர் மட்டும் சாகவே இல்லை. தொடருக்குச் சாகாவரம் கொடுத்த அந்தப் பாகம்தான் காணோம்.

காணோம் என்பதுகூட மரியாதையான சொல். பல பாகங்களைத் தெரிந்தேதான் அழித்தார்கள். அன்றைய இரண்டு அங்குல வீடியோ நாடா பயங்கர விலை. அழித்துவிட்டு அதிலேயே வேறொன்றைப் பதியலாம். நடிகர் சங்கத்தோடு செய்த ஒப்பந்தப்படி, பழைய நிகழ்ச்சியை நினைத்தபோதெல்லாம் மறுஒளிபரப்பு செய்யவும் முடியாது. ஜனங்கள் வீட்டில் வாங்கி வைத்துப் பார்க்கும் காலம் ஒன்று வரும் என்று யார் கண்டார்கள்? பிறகு வண்ணமும் வந்துவிட்டது. கறுப்பு வெள்ளையைச் சீந்த ஆளில்லை. வெளிநாட்டுக்கு விற்பதற்காக 16 மி.மீ. படச்சுருளில் எடுத்த பிரதிகளும், விற்பனை உரிமை முடிய முடியக் குப்பைக்குப் போயின. 1978-இல்தான் யாரோ விழித்துக்கொண்டு நிறுத்தினார்கள். அறுபதுகளில் ஒளிபரப்பானவை 253 பாகங்கள். தேடித் தேடிச் சேர்த்து, 2013-இல் ஒரு பெரிய கண்டெடுப்பு நடந்து முடிந்தபோதும், 97 பாகங்கள் கிடைக்காமல் இருந்தன.

மிஞ்சியவை எப்படி மிஞ்சின என்பதுதான் வேடிக்கை. படச்சுருளை வாங்கிய வெளிநாட்டு நிலையம், ஒளிபரப்பி முடித்ததும் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும், அடுத்த நாட்டுக்குத் தள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் அழித்துவிட வேண்டும். ஒழுங்காக நடந்துகொண்ட இடங்களிலெல்லாம் ஒன்றும் இல்லை. ஹாங்காங்கில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் நான்கு பாகமுள்ள ஒரு முழுக் கதை கிடந்தது, 1991-இல் எடுத்தார்கள். 2013-இல் அறிவித்த ஒன்பது பாகங்கள், நைஜீரியாவின் ஜோஸ் நகரத்து நிலையத்தில் தூசி படிந்து கிடந்தவை. 1983-இல் லண்டனில் மார்மன் சபைக் கட்டடம் ஒன்றின் நிலவறையிலிருந்து இரண்டு வந்தன. பெருக்கித் துடைக்காத அலமாரிகளுக்குத்தான் ரசிகர்கள் கோயில் கட்ட வேண்டும்.

இதைவிட வேடிக்கை ஆஸ்திரேலியாவில் நடந்தது. அங்கே தணிக்கைக்காரர்கள், குழந்தைகள் பயந்துவிடுவார்கள் என்று சில காட்சிகளுக்குக் கத்தரி போட்டார்கள். வெட்டிய துண்டுகளை அரசாங்கக் கோப்போடு பத்திரப்படுத்தினார்கள். 1996-இல் அந்தத் துண்டுகள் ஆவணக் காப்பகத்தில் அகப்பட்டன. அதற்குள் அவை இருந்த பாகங்களில் பல அழிந்திருந்தன. ஆகவே, யாரும் பார்க்கக் கூடாது என்று எதை வெட்டினார்களோ, பெரும்பாலும் அது மட்டும்தான் இன்று பார்க்கக் கிடைக்கிறது. பத்துப் பதினைந்து விநாடி அலறல், கழுத்தை நெரிக்கும் கை, அவ்வளவுதான். ஹார்ட்னெல் முகம் மாறும் அந்தக் காட்சியும் பிழைத்திருக்கிறது. 1973-இல் பிபிசியின் சிறுவர் நிகழ்ச்சியான 'புளூ பீட்டர்' அந்தத் துண்டை எடுத்துப் பயன்படுத்தியதால் வந்த புண்ணியம்.

படம் இப்படியென்றால், ஒலி வேறு கதை. காணாமல் போன பாகங்களில் ஒன்றின் ஒலிகூடத் தொலையவில்லை. காரணம், சனிக்கிழமை மாலைகளில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் டேப் ரெக்கார்டரோடு உட்கார்ந்த இங்கிலாந்துப் பையன்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன்தான் தொடரின் முதல் கதையை இயக்கியவர். 1964-இல் அவர் பெரும்பகுதியை இயக்கிய 'மார்க்கோ போலோ'வில் ஏழு பாகம், ஏழும் போய்விட்டன. எங்கள் பக்கத்துக் காயல் துறைமுகத்தைப் பற்றிச் சொல்லிவைத்துப் போன அதே மார்க்கோ போலோ. அந்தக் கதையை இன்று காதால் கேட்கலாம். அது அந்தப் பையன்கள் போட்ட பிச்சை.

அந்தப் பையன்களை எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அப்படி உட்கார்ந்தவன்தான். ஞாயிற்றுக்கிழமை வானொலியில் ஒலிச்சித்திரம் போடுவார்கள். எங்கள் வீட்டில் ரேடியோ மட்டும்தான். அத்தான் துபாயிலிருந்து கொண்டுவந்த டேப் ரெக்கார்டரைக் கெஞ்சி வாங்கி, ரேடியோவுக்கு எதிரே, மூக்கோடு மூக்கு உரச வைப்பேன். மின்விசிறியை நிறுத்துவேன். கதவைச் சாத்துவேன். அன்றைக்குத் 'திருவிளையாடல்'. தருமி மண்டபத்தில் தனியாகப் புலம்பும் இடம். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கதவைத் திறந்துகொண்டு அம்மா குரல்: "ஏல, சோறு ஆறுது. எந்திச்சு வா. ரேடியோவா சோறு போடும்?"

பதிவு கெட்டுப்போயிற்று. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மத்தியானம் எல்லோரும் தூங்கின பிறகு ரேடியோவை அணைத்தேன். அம்மா பேசுகிற இடத்தை முன்னும் பின்னும் ஓட்டிக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் மட்டும் பதிவுப் பொத்தானை அழுத்தி, சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு வயதில் எனக்கு அது பெரிய சாமர்த்தியம். இரண்டு நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிபிசி குமாஸ்தாவைத் திட்டலாம் என்று இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் பரணில் ஏறி அந்தக் கேசட்டைத் தேடி எடுத்தேன். ஓடுமா என்று பயமாக இருந்தது, ஓடிற்று. அம்மா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அவள் குரலைப் பதிந்து வைக்க எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. 'திருவிளையாடல்' இப்போது என் கைப்பேசியிலேயே கிடைக்கிறது, முழுப் படமும் வண்ணத்தில்.

கேசட்டில் தருமி புலம்புகிறான். பிறகு ஒன்பது விநாடி இஸ்ஸென்று இரைச்சல். பிறகு மறுபடி புலம்புகிறான்.