நாற்பத்தெட்டு வருஷம் எதற்காக?

சட்டசபைக்கு ஒருவர் எத்தனை முறை போனார், எவ்வளவு உயர்ந்த நாற்காலியில் அமர்ந்தார் என்பதைக் கொண்டே அவரைப் பெரியவரென்று கொண்டாடுவது எந்த நாட்டிலும் வழக்கமாயிருக்கின்றது. நாம் கேட்பது வேறு. அந்த நாற்காலியால் தாழ்ந்து கிடந்தவனுக்குக் கிடைத்ததென்ன? இதற்கு அமெரிக்காவின் சாம் ரேபர்ன் என்பவரை எடுத்துக்கொள்வோம்.

1882ல் பிறந்த இவர் ஒரு பருத்தி விவசாயியின் மகன். 1906ல் டெக்ஸாஸ் மாகாணச் சட்டசபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டு, 1911ல் அதன் தலைவரானார். 1913ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குப் போனவர், 1961ல் இறக்கும்வரை 48 வருஷம் அங்கேயே இருந்தார். 1940ல் அச்சபையின் தலைவராகி, எதிர்க்கட்சி கையோங்கிய இரண்டு சமயங்கள் நீங்கலாக, சுமார் 17 வருஷம் அப்பதவியை வகித்தார்.

இவர் செய்த நன்மையை மறைப்பது யோக்கியமாகாது. லாபமில்லையென்று மின்சாரக் கம்பெனிகள் கைவிட்ட நாட்டுப்புறத்துக்குச் சர்க்கார் கடனுதவியால் மின்சாரம் போகச் செய்த 1936ம் வருஷத்துச் சட்டத்தைப் பிரதிநிதிகள் சபையில் கொண்டுவந்தவர் இவரே.

நிற்க, கறுப்பர்களைக் கும்பல் கூடிக் கொல்வதைத் தடுக்க வந்த மசோதாக்களை எதிர்த்த தெற்கத்திய மெம்பர்களோடு இவரும் வெகுகாலம் சேர்ந்தே நின்றார். வெள்ளையர் ஓட்டுப் போய்விட்டால் ஸ்தானமும் போய்விடுமே என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். அப்படியானால் ஸ்தானம் ஜனங்களுக்காகவா, ஜனங்கள் ஸ்தானத்துக்காகவா என்று கேட்கிறோம்.

கடைசியில்தான் வழி திரும்பிற்று. பள்ளிகளில் நிறபேதம் கூடாதென்ற தீர்ப்பைக் கண்டித்துத் தெற்கத்தியர் 1956ல் விட்ட அறிக்கையில் இவர் கையெழுத்திடவில்லை. கறுப்பரின் ஓட்டுரிமைக்கான 1957ம் வருஷத்துச் சட்டம் இவர் தலைமையில் நிறைவேறிற்று. மசோதாக்களைச் சபைக்கு அனுப்பும் விதிக் கமிட்டியின் தலைவர் ஹோவார்ட் ஸ்மித், வேண்டாத மசோதாக்களை ஓட்டுக்கே விடாமல் அமுக்கி வந்தார். 1961 ஜனவரியில் ரேபர்ன் அக்கமிட்டியை 12 பேரிலிருந்து 15 பேராக்கினார். 217க்கு 212 ஓட்டில், ஐந்தே ஓட்டு வித்தியாசத்தில் அது நிறைவேறிற்று. அப்போது அவருக்கு வயது 79. அவ்வருஷ நவம்பரிலேயே காலமானார்.

தோழர்களே! ஒரு மசோதாவைக் கொல்ல எதிர்த்துப் பேசவேண்டியதுகூட இல்லை. ஒரு கமிட்டியில் தூங்கவிட்டாலே போதும். ஆகவே, "இத்தனை வருஷம் சேவை செய்தேன்" என்று எவர் வந்து நின்றாலும் வருஷத்தை எண்ணாதீர்கள். எதை நிறைவேற்றினாய், எதைத் தூங்கவிட்டாய், யாருக்குப் பயந்து வாயடைத்திருந்தாய் என்று கணக்குக் கேளுங்கள்.