சாப்பாட்டுக் கணக்கை எக்செல் திருத்தாது

கம்ப்யூட்டர் வாங்கியதும், சர்க்கரை உள்ள அம்மாவுக்கு எக்செல்லில் உணவுப் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். கலோரியை ஃபார்முலா கூட்டிவிடும். மாதக் கடைசியில் பார்த்தால், திண்டுக்கல்லில் இருந்துகொண்டு ஒரு நாள்கூடப் பிரியாணி இல்லை! ஞாயிறன்று நானேதானே வாங்கி வந்தேன்? இந்தப் பிரிண்ட் அவுட்டை நம்பி டாக்டர் மாத்திரையைக் கூட்டிவிட்டால்?

அம்மா பொய் சொல்லவில்லை. மறதி, கொஞ்சம் கூச்சம். ஆய்வாளர்களுக்கும் இதே தலைவலிதான். 1972-ல் தொடங்கிய தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பு, தமிழகம் உட்படப் பல மாநிலங்களில் முந்தைய 24 மணி நேரச் சாப்பாட்டைக் கேட்டுக் குறித்தது. அளவுக் கிண்ணங்களையும் பயன்படுத்தியது. கிண்ணம் அளவைத் திருத்தும். சொல்லாமல் விட்ட வடையை?

தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டுவதால் அந்தக் கலோரி உண்மையாகிவிடாது. பட்டியல் போடுங்கள், ஆனால் இரவில் மொத்தமாக அல்ல, சாப்பிட்டவுடன் பதியுங்கள். டாக்டரிடம் காட்டும்போது, "இது வாயால் சொன்ன கணக்கு" என்றும் சொல்லிவிடுங்கள்.