வார்த்தைக்கு 30 பைசா: இணையத்தில் எழுதிச் சம்பாதிப்பவர்கள் போட மறக்கும் கணக்கு

ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரி இரண்டு மணி நேரம் லேப்டாப்பில் உட்கார்ந்தால் மாத வாடகைக்காவது காசு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் ஃப்ரீலான்ஸ் எழுத்துக்குள் வருபவர்கள் நிறைய. நம்பிக்கை பொய்யல்ல. வலைத்தளக் கட்டுரை, யூடியூப் ஸ்கிரிப்ட், விளம்பர வாசகம், மொழிபெயர்ப்பு என வேலை இருக்கத்தான் செய்கிறது. ஆனால், பலருக்குக் கையில் நிற்பது சொற்பம். தங்கள் எழுத்து சரியில்லையோ என்று அவர்கள் குழம்புகிறார்கள். பெரும்பாலும் கோளாறு எழுத்தில் இல்லை. ரேட் பேசிய விதத்தில் இருக்கிறது.

வார்த்தைக்கு 30 பைசா என்று பேசி ஒருவர் வேலை எடுக்கிறார் என வைத்துக்கொள்வோம். 1,000 வார்த்தைக் கட்டுரைக்கு 300 ரூபாய். கேட்க மோசமில்லை. தகவல் தேட ஒன்றரை மணி நேரம், எழுத இரண்டு மணி நேரம். ‘சின்னதா ஒரு கரெக்‌ஷன்’ என்று இரண்டு முறை திரும்பி வந்தால் இன்னும் ஒன்றரை மணி நேரம். ஆக மொத்தம் 5 மணி நேரம். மணிக்கு 60 ரூபாய். வார்த்தைக் கணக்கில் தேடலுக்கும் திருத்தத்துக்கும் கூலியே கிடையாது என்பதுதான் விஷயம். கட்டுரைக்கு இவ்வளவு, திருத்தம் இரண்டு முறை மட்டும் என்று முதலிலேயே பேசிவிடுவது மேல்.

தமிழில் எழுதுபவருக்கு இதில் இன்னொரு அடியும் உண்டு. ஆங்கிலத்தில் மூன்று, நான்கு வார்த்தையில் சொல்வதைத் தமிழ் ‘வீட்டிலிருந்தும்கூட’ என்று ஒட்டி ஒரே வார்த்தையாக்கிவிடும். அதே உழைப்புக்கு எண்ணிக்கை குறையும். எனவே மொழிபெயர்ப்புக்கு ரேட் பேசும்போது, மூல ஆங்கிலத்தின் வார்த்தைகளை எண்ணச் சொல்வதே நியாயம்.

இணையத் தளங்கள் வழியாக வேலை எடுத்தால் கமிஷனையும் கழிக்க வேண்டும். ஃபைவரில் 100 டாலருக்கு வேலை செய்தால் 20 டாலர் தளத்துக்கே போய்விடும். வேலை கொடுப்பதற்கு முன்பே ‘ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்’ கேட்பவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது மோசடி. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்த பிறகு, ‘முடி கொட்டாமல் இருக்க 10 வழிகள்’ ரகக் கட்டுரைக்கு ஆள் வைத்துக் காசு கொடுக்க க்ளையன்ட்டுக்கு அவசியம் குறைந்துவிட்டது. இந்த வேலையை நம்பி இப்போது இறங்குவது வீண். ஜிஎஸ்டி நோட்டீஸுக்குப் பதில் போடத் தெரிந்த அக்கவுன்டன்ட், டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கும் நர்ஸ் ஆகியோரின் நிலை வேறு. அவர்கள் விற்பது வார்த்தையை அல்ல, தொழில் அனுபவத்தை. பார்ட் டைமாக எழுத வருபவரின் பகல் வேலைதான் அவரது முதல் சரக்கு. அதை விட்டுவிட்டுப் பொதுவாக எழுதப் போகிறவர்களே அதிகம் என்பதுதான் வேடிக்கை.

ஆனால், பகல் வேலைக்கே அது உலை வைத்துவிடக் கூடாது. போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்த 300 பேரை நீக்கியதாக விப்ரோ தலைவர் ரிஷாத் பிரேம்ஜி 2022 செப்டம்பரில் சொன்னார். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் வெளி வேலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுவது அவசியம்.

அடுத்து, சாம்பிள். ‘ஒரு சாம்பிள் எழுதி அனுப்புங்க, பார்ப்போம்’ என்பார்கள். அனுப்பிய பிறகு சத்தமே இருக்காது. சில நாள் கழித்து அதே கட்டுரை வேறு பெயரில் எங்கோ வெளியாகியிருக்கும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியராக இல்லாமல் தனியாக எழுதித் தரும் கட்டுரையின் முதல் உரிமையாளர் எழுதியவரே. உரிமையை மாற்றித் தர வேண்டுமானால் அது எழுத்து மூலமாக இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று அதில் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டு மட்டுமே. ஏற்கெனவே வெளியான இரண்டு கட்டுரைகளை சாம்பிளாகக் காட்டலாம். புதிதாக எழுதச் சொன்னால் காசு கேட்பதில் தப்பே இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி, முடித்த வேலைக்குப் பணம் வராதது. ‘அக்கவுன்ட்ஸ்ல போட்டாச்சு’, ‘அடுத்த வாரம்’ என்றே மூன்று மாதம் ஓடும். பலருக்கும் தெரியாத ஒரு பிடி இதற்கு இருக்கிறது. சேவை தரும் தனிநபரும் மத்திய அரசின் உதயம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்யலாம், கட்டணம் கிடையாது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு செய்த குறுந்தொழிலுக்கு இந்திய நிறுவனங்கள் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகார் கொடுத்தால் அது மாநில அளவிலான கவுன்சிலுக்குப் போகும். வெளிநாட்டு க்ளையன்ட்டிடம் இது எடுபடாது. அங்கே பாதி அட்வான்ஸ் வாங்கிக்கொள்வதுதான் வழி.

ஒன்று மட்டும், முதல் வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே இந்தப் பதிவை முடித்துவிட வேண்டும். பாக்கி நின்ற பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால், பழைய பில்லுக்கு அந்தப் பிடி தளர்ந்துவிடும். பில்லிலும் மெயிலிலும் உதயம் எண்ணைப் போட்டு அனுப்புவது நல்லது. ‘அடுத்த வாரம்’ என்பவர்களில் சிலருக்கு அந்த ஒரு வரியே போதும்.