விரட்டப்பட்டவர்களின் ஊரில் யார் குரல் ஒலிக்க வேண்டும்?

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், ஹெல்ம்ஸ்டேல் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் அதே பெயரில் ஒரு சிற்றூர் இருக்கிறது. நூல் பிடித்தாற்போன்ற நேரான தெருக்கள். டன்ராபின் தெரு, ஸ்டாஃபர்ட் தெரு, டிரெண்டம் தெரு, லில்லிஷால் தெரு என்று பெயர்ப்பலகைகள் வரிசையாக வருகின்றன. டன்ராபின் என்பது சதர்லேண்ட் சீமாட்டியின் கோட்டை. ஸ்டாஃபர்ட், அவருடைய கணவரின் பட்டப்பெயர். டிரெண்டமும் லில்லிஷாலும் அந்தக் கணவருக்கு இங்கிலாந்தில் இருந்த பண்ணைகள். ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து வெளியேற்றிய குடியானவர்களைக் குடியமர்த்த 1814-ல் அந்தத் தம்பதியின் எஸ்டேட் நிர்வாகம் திட்டம் போட்டு எழுப்பிய ஊர் இது. நிலவுடைமையாளரின் வரலாறு தெருப்பெயர்களிலேயே பதிந்திருக்கிறது. குடியானவர்களின் வரலாற்றுக்கு அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை. அதனால்தான், கைபேசியில் கேட்டபடியே நடக்கும் ஒலிவழி நடைப்பயணங்களைச் சுற்றுலாப் பயணிகளுக்கான பொழுதுபோக்கு வசதியாக மட்டும் பார்ப்பது தவறு. இப்படிப்பட்ட ஊர்களில் வரலாற்றை நேர்மையாகச் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. ஆனால் கேட்பது யாருடைய சாட்சியம் என்பதை அந்தக் குரல் மறைக்கக் கூடாது.

நடந்தது என்ன என்பதை மக்கள்தொகைக் கணக்கே காட்டிவிடுகிறது. ஆற்றின் மேற்பகுதியை உள்ளடக்கிய கில்டோனன் வட்டாரத்தில் 1811-ல் 1,574 பேர் வாழ்ந்தார்கள். 1831-ல் எஞ்சியவர்கள் 257 பேர். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் மாடு வளர்த்து, ஓட்ஸும் பார்லியும் விதைத்து வாழ்ந்த சிற்றூர்கள் கலைக்கப்பட்டு, அந்த நிலம் செவியட் ஆடுகளுக்கு மேய்ச்சலாயிற்று. 1813-ல் கில்டோனன் மக்கள் நிலம் அளக்க வந்தவர்களைத் தடுத்தபோது ராணுவம் வரவழைக்கப்பட்டது. அவர்களில் ஏறத்தாழ நூறு பேர் கனடாவில் குடியேற்றும் செல்கிர்க் பிரபுவின் திட்டத்தை நம்பிக் கப்பலேறினார்கள். கப்பலில் காய்ச்சல் பரவியது. சேரவேண்டிய துறைமுகமான யார்க் ஃபாக்டரியில் இறக்காமல் சர்ச்சில் என்ற இடத்தில் இறக்கிவிட்டார்கள். ஹட்சன் விரிகுடாக் கரையில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, 1814 ஏப்ரலில் ஒரு பகுதியினர் பனியில் நடந்தே யார்க் ஃபாக்டரிக்குப் போனார்கள். கனடாவின் வின்னிபெக் நகரில் இன்றும் கில்டோனன் என்ற பெயர் வழங்குவது அவர்களால்தான். ஊரோடு தங்கியவர்களில் பலருக்குக் கரையோரத்தில் சிறு துண்டு நிலம் தரப்பட்டது. மேய்ச்சலும் உழவும் தவிர வேறு தொழில் அறியாதவர்கள் ஹெர்ரிங் மீன் பிடிக்கக் கடலில் இறங்க வேண்டியிருந்தது.

இவ்வளவும் நடந்த இடத்தில் இப்போது கண்ணுக்குத் தெரிவது மிகக் குறைவு. ஹெல்ம்ஸ்டேலுக்குச் சற்று மேலே கேயன் என்ற பழைய குடியிருப்பு இருக்கிறது. புல்லில் பாதி புதைந்த முழங்கால் உயரக் கல்வரிசைகள். ஒரே கூரையின் கீழ் மேற்பாதியில் மனிதர்களும் சரிவான கீழ்ப்பாதியில் மாடுகளும் வாழ்ந்த நீள்வீடுகள் அவை. யாராவது சொன்னால் தவிர, அந்தச் சரிவு சாணநீர் வடிவதற்காக அமைந்தது என்று வழிப்போக்கருக்குத் தெரியாது. ஊரிலுள்ள டைம்ஸ்பான் அருங்காட்சியகம் அங்கே ஒரு வீட்டை அகழ்ந்து ஆய்வு செய்ததோடு, வெளியேற்றங்களின் தடத்தை நடந்தே அறிய ஒரு செயலியும் உருவாக்கியது. சரியான திசையில் எடுத்துவைத்த அடி அது. இந்த நடை கேயனில் தொடங்கிக் கடலை நோக்கி இறங்க வேண்டும் என்பேன். வெளியேற்றப்பட்டவர்கள் நடந்த திசை அதுதான். துறைமுகத்தில் தொடங்கினால் எஸ்டேட்டின் சாதனையே முதலில் கண்ணில் படும்.

தகவல் பலகைகள் போதாதா என்று கேட்கலாம். போதாது. இந்த மக்களின் நினைவு வாய்மொழியில்தான் தங்கியது, அதுவும் கேலிக் மொழியில். எஸ்டேட்டின் கணக்கும் கடிதமும் ஆங்கிலத்தில் இருந்தன. எஸ்டேட் நிர்வாகத்தின் தலைமையில் இருந்த ஜேம்ஸ் லாக், தம் சீர்திருத்தங்களை நியாயப்படுத்தும் நூலை 1820-லேயே அச்சிட்டுவிட்டார். 1819-ல் நடந்த வெளியேற்றத்தைத் தம் சபை மக்களோடு அனுபவித்த பாதிரியார் டொனால்ட் சேஜின் நினைவுக்குறிப்புகள் வெளிவந்தது 1889-ல், அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு. அருகிலுள்ள புரோரா, கோல்ஸ்பி, எம்போ ஊர்களின் மீனவர்கள் பேசிய கேலிக் வழக்கை மொழியியலாளர் நான்சி டோரியன் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அதைப் பேசியவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்த காலம் அது. எடின்பரோவில் 1951-ல் தொடங்கிய ஸ்காட்லாந்தியல் ஆய்வுப் பள்ளி ஊர் ஊராகச் சென்று பாட்டும் கதையும் பதிவு செய்தது. அவற்றில் ஆயிரக்கணக்கானவை இன்று இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன. ஓர் ஓடையின் பெயரைக் கேலிக் பேசி வளர்ந்தவர் உச்சரிக்கும் விதத்தை எந்தப் பலகையில் எழுத முடியும்? அந்த ஓடைக்கரையிலேயே நின்று அதைக் கேட்பதற்கு ஈடே இல்லை.

கனமான ஆட்சேபம் இன்னொன்று. காதில் ஒலிக்கும் குரலை இடைமறித்துக் கேள்வி கேட்க முடியாது. அது கண்ணீர்க் கதையாக மாறிவிட்டால் கேட்பவர் எளிதில் நம்பிவிடுவார். இதில் உண்மை இருக்கிறது. சதர்லேண்ட் எஸ்டேட் துறைமுகத்துக்கும் சாலைகளுக்கும் பெரும்பணம் செலவிட்டது. பள்ளத்தாக்கில் பஞ்சம் அடிக்கடி வந்தது, மக்கள்தொகையும் பெருகியிருந்தது. வெளியேற்றத்தின்போது வீடுகளைக் கொளுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட எஸ்டேட் நிர்வாகி பேட்ரிக் செல்லரை 1816-ல் இன்வர்னஸ் நீதிமன்றம் விடுவித்தது. இவற்றை மறைக்கும் ஒலிப்பதிவு பிரச்சாரமாகிவிடும். ஆனால் இதற்குத் தீர்வு குரலை அடக்குவதல்ல, குரல்களைக் கூட்டுவது. லாக்கின் வாதத்தை அவருடைய பெயரோடு, சேஜின் சாட்சியத்தை அவருடைய பெயரோடு, அடுத்தடுத்து ஒலிக்கவிடலாம். எது ஆவணம், எது தலைமுறை தாண்டி வந்த நினைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். செல்லர் விடுதலையானார் என்று சொல்லும்போது, அவரை விடுவித்த ஜூரியில் நிலவுடைமையாளர்கள் நிறைந்திருந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பஞ்சம் உண்மை என்பதால், கூரையைக் கொளுத்தியது நியாயமாகிவிடாது. இரண்டையும் கேட்டபின் முடிவெடுக்கும் அறிவு நடப்பவருக்கு உண்டு.

காதில் கருவியை மாட்டியவர் ஊர்க்காரரோடு பேசமாட்டார் என்பதும் நியாயமான கவலையே. அதற்கு ஒலிப்பதிவுகளைச் சுருக்கமாக வைத்து, இடையில் நீண்ட மௌனம் விட்டாலே பாதி சரியாகும். மீதி, அதைத் தயாரிப்பவர் யார் என்பதைப் பொறுத்தது. வெளியூர் நிறுவனம் தொழில்முறை நடிகரை வைத்துப் பேசவைத்தால் ஊருக்கு அதில் பங்கில்லை. உள்ளூர்க்காரர்களே எழுதி, தேர்ந்தெடுத்து, பேசினால் பயணி கேட்ட குரலுக்குரியவரை மறுநாள் கடைத்தெருவில் சந்திக்கலாம். கைபேசிச் சமிக்ஞை வலுவிழக்கும் பள்ளத்தாக்கு அது, ஆகவே முன்கூட்டியே பதிவிறக்கும் வசதி கட்டாயம் வேண்டும். மானியப் பணத்தில் பிறக்கும் செயலிகள் கைபேசி மென்பொருள் மாறியதும் செயலற்றுப்போவது வழக்கம். எனவே மூல ஒலிக்கோப்புகளும் அவற்றின் எழுத்து வடிவமும் முதல் நாளிலேயே ஒரு பொது ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நிதி தருகிறவர்கள் தயாரிப்புச் செலவோடு பராமரிப்புச் செலவையும் ஒப்பந்தத்தில் எழுதித் தர வேண்டும். பணம் தருவதற்கு முன்பே கேட்டுப் பெறவேண்டிய உறுதி அது.