மெத்தட் தலையில் ஒட்டிய விலாசம்

ஜாவாவில் வெப் அப்ளிகேஷன் எழுதும் குழுக்களிடம் யூஆர்எல் ரூட்டிங் பற்றிக் கேளுங்கள். "அதில் என்ன இருக்கிறது? மெத்தடுக்கு மேலே ஓர் அனோட்டேஷன், முடிந்தது" என்பார்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் பாடம் இது. பலர் அதற்கு மேல் கற்பதுமில்லை. அந்த 'முடிந்தது' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

இந்த நம்பிக்கை சும்மா முளைக்கவில்லை. முகவரிகளை வெப்.எக்ஸ்எம்எல் என்ற கோப்பில் எழுதிய காலத்தில், ரெக்வெஸ்டைக் கையாளும் ஜாவா கிளாஸான சர்வ்லெட் ஒன்றைச் சேர்க்க, அதன் பெயரை ஓரிடத்தில் அறிவித்து, அதே பெயரை மறுபடி எழுதி முகவரியோடு கோக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினால் அப்ளிகேஷன் எழுந்திருக்காது. 2007-இல் ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க்கின் 2.5 பதிப்பு ரெக்வெஸ்ட்மேப்பிங் அனோட்டேஷனைக் கொடுத்தது. 2009-இல் சர்வ்லெட் 3.0 தரத்திலேயே அந்த வசதி வந்தது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள், நானும்தான். ஆனால் அந்தத் தொல்லை பிடித்த கோப்பைத் தூக்கி எறிந்தபோது, எந்த முகவரி எங்கே போகிறது என்று ஒரே இடத்தில் சொன்ன பக்கத்தையும் சேர்த்தே எறிந்துவிட்டோம்.

அனோட்டேஷனில் இருப்பது வழியின் கடைசித் துண்டு. ரெக்வெஸ்ட் அங்கே சேருமுன் ப்ராக்ஸி, டாம்கேட் போன்ற கன்டெய்னர், ஃபில்டர்கள், பாதுகாப்பு அடுக்கு, ஃப்ரேம்வொர்க் என ஐந்து கை மாறுகிறது. ஐந்தும் முகவரியை ஒரே இலக்கணத்தில் படிப்பதில்லை.

கன்டெய்னரின் இலக்கணத்தைப் பாருங்கள். அச்சு அசலாகப் பொருந்துவதற்கு முதலிடம். அடுத்து மிக நீளமான முன்னொட்டு. பிறகு புள்ளி ஜேஎஸ்பி போன்ற பின்னொட்டு. எதிலும் சிக்காதது "/" என்ற டிஃபால்ட் சர்வ்லெட்டுக்கு. கோப்பில் எதை முதலில் எழுதினோம் என்பது இங்கே பொருட்டில்லை. ஆனால் ஃபில்டர்களுக்கு எழுதிய வரிசைதான் எல்லாமே. அந்த ஃபில்டர்களை சர்வ்லெட் அனோட்டேஷனால் மட்டும் அறிவித்தால் எது முதலில் ஓடும் என்று தரம் உறுதி தருவதில்லை. வரிசை வேண்டுமென்றால் வெப்.எக்ஸ்எம்எல்லுக்கே போகச் சொல்கிறது.

ரெக்வெஸ்டுகளை வாங்கிக் கன்ட்ரோலர்களுக்குப் பிரித்தனுப்பும் ஸ்பிரிங்கின் டிஸ்பாட்ச்சர் சர்வ்லெட்டை "/" என்பதற்குப் பதில் "/*" என்று கட்டிப் பாருங்கள். கன்ட்ரோலர் ஓடும், ஜேஎஸ்பி பக்கத்துக்குக் கைமாற்றும், முன்னொட்டு பின்னொட்டை முந்துவதால் அதே சர்வ்லெட் அதை மறுபடி பிடுங்கிக்கொள்ளும். திரையில் 404. ஒற்றை நட்சத்திரக் குறியைத் தேடி ஒரு நாள் போகும். அத்தனை நேரமும் அனோட்டேஷன் சரியாகத்தான் இருக்கும்.

404 வெறும் தலைவலி. பாதுகாப்பு அடுக்கும் ஃப்ரேம்வொர்க்கும் வேறு வேறாகப் படித்தால் குடியே முழுகிவிடும். ஸ்பிரிங் செக்யூரிட்டியில் "/அட்மின்" என்று ஆன்ட்மேட்சர் பூட்டுப் போட்டால், அது அந்த எழுத்துகளை மட்டுமே காத்தது. ஸ்பிரிங் எம்விசியோ, கடைசியில் சாய்கோடு சேர்ந்த "/அட்மின்/" என்பதையும் அதே மெத்தடுக்கு அனுப்பிவைத்தது. வாசலில் பூட்டு, கொல்லைக் கதவு திறந்தபடி. 2022-இல் வந்த ஸ்பிரிங் 6-தான் இந்தத் தாராளத்தை டிஃபால்ட்டாக நிறுத்தியது.

2020 ஜூலையில் எஃப்5 நிறுவனத்தின் பிக்-ஐபி கருவிகள் பட்ட பாடு இன்னும் கொடுமை. அவற்றின் நிர்வாகத் திரைக்கு முன்னால் அப்பாச்சி, பின்னால் டாம்கேட். முகவரியில் இரண்டு புள்ளியும் ஓர் அரைப்புள்ளியும் வந்தால் அப்பாச்சிக்கு அது ஏதோ ஒரு ஃபோல்டர் பெயர். டாம்கேட் அரைப்புள்ளியை உதிர்த்துவிட்டு 'ஒரு படி மேலே போ' என்று படித்தது. லாகின் பக்கத்தின் பெயரைச் சொல்லி நுழைந்தவர்கள் கருவியையே கைப்பற்ற முடிந்தது. நிறுவனம் முதலில் சொன்ன தற்காலிகத் தடுப்பையும் சில நாட்களில் தாண்டிவிட்டார்கள்.

"ஸ்பிரிங் பூட் தரும் ஆக்சுவேட்டரைக் கேட்டால் எல்லா ரூட்டையும் பட்டியல் போட்டுத் தருமே" என்று பதில் வரும். தரும். ஆனால் அது இருப்பதைச் சொல்லும், இருக்க வேண்டியதைச் சொல்லாது. வெளியே நிற்கும் ப்ராக்ஸி என்ன படித்தது என்பதும் அதற்குத் தெரியாது.

பழைய எக்ஸ்எம்எல்லுக்குத் திரும்பச் சொல்லவில்லை. அனோட்டேஷன் இருக்கட்டும். எந்த முகவரி யாருக்கு என்ற பட்டியல் ரெப்போவில் ஒரே கோப்பாகவும் இருக்கட்டும். ஆக்சுவேட்டர் தருவதை ஒவ்வொரு பில்டிலும் அதனோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் இல்லாத ரூட் ஒன்று முளைத்திருந்தால் பில்ட் நிற்கட்டும். வெளிப்படையாக அனுமதிக்காத எதுவும் மறுக்கப்படட்டும். சாய்கோட்டையும் அரைப்புள்ளியையும் சேர்த்த முகவரிகளை, லாகின் செய்யாமல், ப்ராக்ஸி வழியாகவே அனுப்பிப் பார்க்கும் டெஸ்டுகளை எழுதுங்கள். எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று நாள் வேலை.

அடுத்த முறை யாராவது 'ரூட்டிங் முடிந்தது' என்றால் வாதாட வேண்டாம். அவர் காட்டும் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோட்டைச் சேர்த்து, லாகின் இல்லாமல் ஒரு முறை அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள்.