நம் குறிப்பேடுகளும் நுண்ணறிவுப் பொறியும்

விழா மலர்களிலே பழைய மாணவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் நினைவை நம்பியே எழுதப்படுகின்றன. நினைவு இனியது, ஆயினும் ஆண்டும் பெயரும் அதனிடம் நெடுநாள் தங்குவதில்லை. அதே வேளையில், நம்மவர் இல்லங்களில் அலுமாரியின் அடித்தட்டைத் திறந்து பார்ப்போமாயின், பழைய கொப்பிகளும், நாட்குறிப்புகளும், கடிதத்தின் பின்புறத்தில் எழுதிய கணக்குகளும், ஆசிரியர் சொல்ல எழுதிய பாடக்குறிப்புகளும் கட்டுக்கட்டாகக் கிடக்கக் காணலாம். எழுதியவரே மீண்டும் எடுத்துப் படித்தறியாதவை அவை. தேடுவதற்கு வழியில்லாத குறிப்பு, எழுதப்படாத குறிப்பிலும் சற்றே மேலானது, அவ்வளவே.

இவற்றைப் பயன்படச் செய்வதற்குச் செயற்கை நுண்ணறிவு உதவியாளன் எனப்படும் புதிய பொறி துணைநிற்குமா என்பது இன்று மாணவரிடையும் ஆசிரியரிடையும் அடிக்கடி எழும் வினா. 2022 நவம்பர் 30ஆம் நாள் சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தது முதல் இதைப் பற்றிப் பேசாதார் இல்லை. துணைநிற்கும் என்பதே எமது கருத்து. ஆயின் மலையகத்தாராகிய நாம் அதனைக் கையாளுமிடத்துப் பிறரினும் கூடிய விழிப்புடன் இருத்தல் வேண்டும். அதற்குக் காரணம் நமது வரலாற்றிலேயே உண்டு.

எழுத்துக் குறிப்பொன்று மனிதனை எவ்வாறு ஆளும் என்பதை நம் முன்னோர் அனுபவித்து அறிந்தவர்கள். தோட்டத் தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்லும்போது, அவன்மீதிருந்த கடன் தொகையை எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அத்துண்டைப் புதிய துரை பணங்கொடுத்துப் பெற்றாலன்றி அவனுக்குப் புறப்பாடில்லை. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அவனைப் பற்றி எழுதப்பட்ட தாள், அவனால் எழுதப்படாத தாள், அவன் படிக்க இயலாத தாள்: அதுவே அவனது ஊரையும் தொழிலையும் தீர்மானித்தது.

பின்னர் 1949ஆம் ஆண்டின் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. மணமானவர் 1946 சனவரி 1க்கு முன் ஏழு ஆண்டுகளும், மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இந்நாட்டில் இடையறாது வசித்ததை நிறுவ வேண்டியிருந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பம் செய்யப்பட்டு, ஏறக்குறைய 1,34,000 பேரே ஏற்றுக்கொள்ளப்பட்டனர். விண்ணப்பங்கள் தள்ளப்பட்டதற்குத் தாளில்லாமை மட்டுமே காரணமென்று கூறுவது அச்சட்டத்தை இயற்றியோர்க்கு மிகையான சலுகை காட்டுவதாகும். எனினும், பிறந்த நாளையும் வந்த நாளையும் பேர் பதிந்த நாளையும் தாமே குறித்து வைத்திருந்த குடும்பங்களுக்கு அன்று கையில் பிடித்துக்கொள்ள ஒரு பற்றுக்கோடாவது இருந்தது. ஆகவே, சொந்தக் குறிப்பு என்பது நமக்குப் பொழுதுபோக்கன்று.

குறிப்பெடுத்தலின் பெருமைக்குத் தமிழுலகம் அறிந்த சான்று டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் அவர்களைக் கண்ட பின்னர் சீவக சிந்தாமணியை ஆராயத் தொடங்கிய ஐயரவர்கள், நச்சினார்க்கினியர் தம் உரையில் நூற்பெயர் சுட்டாது காட்டிச் செல்லும் மேற்கோள்களைக் கண்டு திகைத்தார்கள். அவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு, வேறு ஏடுகள் கிடைக்குந்தோறும் ஒப்புநோக்கிச் சென்றார்கள். சிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், புறநானூறு 1894இலும் வெளிவந்தமைக்குப் பின்னால் அந்தக் குறிப்புகளும் அகராதிகளும் நின்றன. எங்கோ கண்ட ஒரு வரி இதுதானா என்று தேடி நாட்கணக்கில் ஏடு புரட்டிய அவ்வேலையை, இன்றைய பொறி சில கணங்களில் முடித்துவிடும். அதனை மறுப்பது வீண் பிடிவாதம். ஆனால் 'இவ்வரி எதனைச் சேர்ந்தது' என்று கேட்கவேண்டும் என்னும் எண்ணம் ஐயரவர்களின் நெஞ்சில் முதலில் எழுந்தது. வினாவை எழுப்பியவர் அவர். தேடுவதைத்தான் வேறொருவரிடம் ஒப்படைக்கலாம்.

புதுச்சேரியிலே ஆனந்தரங்கம் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதி வைத்த தினக்குறிப்பும் ஈண்டு நினைக்கத்தக்கது. கப்பல் வந்தது, சரக்கு விலை ஏறியது, இன்னார் இன்னாரிடம் இன்னது சொன்னார் என்று தமக்கென எழுதிய வணிகரொருவரின் குறிப்பு, பின்னர் ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக 1904 தொடக்கம் 1928 வரை வெளிவந்து, ஒரு நூற்றாண்டின் வரலாற்றுக்கே சான்றாயிற்று. நாளும் இடமும் ஆளும் குறித்து எழுதினமையாலன்றோ அது பயன்பட்டது? 'அவர் நேற்று வந்தார்' என்று மட்டும் எழுதியிருப்பின் எந்தப் பொறியாலும் அதனைக் காப்பாற்ற முடியாது.

பொறி எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதைச் சிறிது விளங்கிக்கொள்வோம். மிகப் பெருந்தொகையான எழுத்துகளைப் படித்து, ஒரு சொல்லை அடுத்து எச்சொல் வரக்கூடும் என்று கணிப்பதற்குப் பழக்கப்பட்டது அது. நாம் வெறுமனே ஒரு வினாவைக் கேட்டால், தான் படித்தவற்றிலிருந்து விடை புனையும். தெரியாதவிடத்தும் தெரிந்தது போன்றே சரளமாகப் பேசும். நமது குறிப்புகளையே முன்வைத்து, 'இவற்றினின்றும் மட்டும் விடை கூறுக. எப்பக்கத்திலிருந்து எடுத்தாய் என்பதையும் காட்டுக' என்று கேட்பின் நிலைமை பெரிதும் திருந்தும். கூகிள் நிறுவனம் 2023இல் வெளியிட்ட நோட்புக் எல்எம் போன்ற கருவிகள் இந்நோக்குடனேயே அமைக்கப்பட்டவை. அப்போதும் அது காட்டிய பக்கத்தைத் திறந்து பார்த்தல் நமது கடன். பார்க்கச் சோம்பினவனுக்குப் பொறியும் பயனில்லை, கொப்பியும் பயனில்லை.

உயர்தர வகுப்பு மாணவனொருவன் தான் எழுதிய வரலாற்றுக் குறிப்பை அதனிடம் கொடுத்து, 'இதிலிருந்து பத்து வினாக்கள் கேள். நான் விடை எழுதிய பின்னர் என் குறிப்போடு ஒப்பிட்டுப் பிழை சொல்' என்று பணிப்பானாயின், நள்ளிரவிலும் சலியாத ஒரு துணைவனைப் பெற்றவனாவான். தன் குறிப்பில் ஒன்றுக்கொன்று முரணானவை எவை, காரணம் கூறாது முடிபு மட்டும் எழுதியவை எவை என்று கேட்டானாயின் இன்னும் நன்று. கம்பளை அரசைப் பற்றி எழுதிய ஒரு பக்கத்திலே கடலாதெனிய விகாரையின் ஆண்டு 1344 என்றும், மற்றொரு பக்கத்திலே வேறோர் ஆண்டென்றும் இருந்தால், அதைச் சுட்டிக்காட்டுவது பொறிக்கு எளிது. எது சரியென்று கண்டறிய நூல்நிலையத்துக்குச் செல்லவேண்டியவன் மாணவனே.

இதற்கு மாறாக, ஒரு வரியும் தான் எழுதாமல், 'இந்தப் பாடத்துக்குக் குறிப்புத் தருக' என்று கேட்டு, வந்ததை அப்படியே அச்சிட்டுக் கோவையில் கோத்து வைக்கும் வழக்கமும் பரவி வருகின்றது. இது கண்டு சிலர் பொறியையே பாடசாலைக்குள் விடலாகாது என்கின்றனர். நாம் அதற்கு உடன்படோம். தனியார் வகுப்புகளில் அச்சடித்து விற்கப்படும் 'நோட்ஸ்' கட்டுகளை வாங்கி மனனஞ்செய்த தலைமுறைகள், பொறி வருவதற்கு வெகு முன்னரே இந்நோய்க்கு ஆட்பட்டவை அல்லவா? அன்று விற்றவர்களைத் தடை செய்யாதவர்கள் இன்று பொறியை மட்டும் வாயிலில் நிறுத்துவது வேடிக்கையாகும். ஆசிரியப் பெருமக்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு: மாணவன் கைப்பட எழுதிய முதற்குறிப்பையும், பொறியின் துணைகொண்டு திருத்திய குறிப்பையும் பக்கத்தில் பக்கமாக வைத்துக் கேட்டுப் பார்க்கலாம். எழுதும்போதே பாதி விளங்கிவிடுகின்றது என்பது வகுப்பறையில் இருந்த எவர்க்கும் தெரிந்ததே. அந்தப் பாதியை எவருக்கும் விட்டுக்கொடுத்தலாகாது.

இனி, தமிழுக்கே உரிய இடர்ப்பாடு ஒன்று. கணினி எழுத்தைச் சேமிக்கும் பொது முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைற்று போதும். தமிழ்க் குறியொவ்வொன்றுக்கும் மூன்று வேண்டும். 'கம்பளை' என்று எழுதினால் பதினெட்டு. நமது ஊர்ப்பெயரையே ஆங்கிலத்தில் எழுதினால் ஏழு. பொறிகள் எழுத்தைத் துணுக்குகளாகப் பிரித்தே படிப்பதால், தமிழ்க் குறிப்பு கூடுதலான துணுக்குகளாகச் சிதறி, இடத்தையும் செலவையும் மிகுதியாக்குகின்றது. புதிய பொறிகளில் இக்குறை தணிந்து வருகின்றதாயினும், அவை படித்த எழுத்துகளில் தமிழின் பங்கு சிறிது. அதிலும் மலையகத் தமிழின் பங்கு மிகமிகச் சிறிது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காட்டுவோம். பெரியவரொருவரின் குறிப்பில் 'தாத்தா துண்டோடு வந்தார்' என்றிருந்தால், நாம் மேலே கண்ட வரலாற்றை அறியாத பொறி அவர் தோளில் துணி போட்டுக்கொண்டு வந்தார் என்றே கொள்ளக்கூடும். 'பெரட்டு' என்பதைப் 'புரட்டு' என்று திருத்தி, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தைப் பொய்யாக்கிவிடக்கூடும். 'கொந்தரப்பு', 'காம்பிரா' முதலிய சொற்களின் கதியும் அதுவே. எழுத்துப்பிழை திருத்துகின்றேன் என்ற பெயரில் நம் முன்னோரின் வாழ்க்கையே திருத்தப்பட்டுவிடும். ஆகவே, குறிப்பைக் கொடுக்குமுன் நமது சொற்களுக்கு ஒரு சிறு பொருட்பட்டியல் எழுதி, அதனை முதலிற் கொடுத்தல் வேண்டும். 'மூலத்தில் உள்ள சொல்லை மாற்றாதே. ஐயமாயின் அடைப்பினுள் வினாக்குறி இடுக' என்று கட்டளையிடவும் வேண்டும். மூலத்தின் நிழற்படத்தையும் பெயர்த்தெழுதியதையும் ஒருங்கே காத்து வைப்பது இன்றியமையாதது.

மற்றோர் எச்சரிக்கை. குறிப்பேட்டில் நம்மைப் பற்றியது மட்டுமா இருக்கின்றது? ஆசிரியரின் ஏட்டில் மாணவனின் குடும்பக் கஷ்டம் இருக்கும். கடைக்காரரின் ஏட்டில் அயலாரின் கடன் இருக்கும். தாயின் நாட்குறிப்பில் பிறர் வீட்டுச் சாதகமும் நோயும் இருக்கும். இவற்றை அந்நிய நிறுவனமொன்றின் கணினிக்கு அனுப்ப நமக்கு உரிமை உண்டா? இந்நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. சட்டம் ஒருபுறமிருக்க, ஒருவனைப் பற்றிய தாள் அவனறியாமல் கைமாறுவது என்னவென்று துண்டுமுறை நமக்குக் கற்பித்திருக்கின்றது. பிறர் பெயருள்ள பக்கங்களைப் பெயர் நீக்கியே கொடுக்கலாம். நீக்க இயலாதவற்றைக் கொடாதிருப்பதே முறை. தம் கணினியிலேயே இயங்கவல்ல சிறிய பொறிகளும் இப்போது உண்டு. அவை மந்தமாயினும், ஏடு வீட்டைவிட்டு வெளியே போவதில்லை.

இவ்வளவும் ஏடு இருந்தாலன்றோ? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மாவலி பெருகி நகருக்குள் புகுந்ததை இம்மலரைப் படிப்போரில் பலர் கண்ணாரக் கண்டனர். உயிரும் உடைமையும் போன துயரின் முன் கொப்பிகளைப் பற்றிப் பேசுவது சிலர்க்குச் சிறுமையாகத் தோன்றலாம். எனினும், சேற்றினின்றும் எடுத்த சான்றிதழையும் புகைப்படத்தையும் வெயிலில் உலர்த்திய கைகள் அதன் அருமையை அறியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஒரே பிரதியாயிருந்த ஏடுகள் மீளாது போயின. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் அவ்விழப்புக்குப் பின் வந்தோர் செய்யும் தொண்டு. தீயாயினும் வெள்ளமாயினும், இரண்டாவது பிரதியில்லாதது போனது போனதுதான்.

பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். திங்கள்தோறும் ஒரு சனிக்கிழமை பிற்பகல் கல்லூரி மண்டபத்திலே முதியோர் தத்தம் ஏடுகளுடன் வரட்டும். மாணவர் கைத்தொலைபேசியால் பக்கந்தோறும் படமெடுக்கட்டும். முதியவர் படித்துச் சொல்ல, இளையவர் தட்டச்சு செய்யட்டும். கையெழுத்தைப் பொறியே வாசிக்குமாயினும், எழுதியவர் உயிரோடிருக்கையில் அவரைக் கேட்பதை விட்டுப் பொறியைக் கேட்பது அறிவுடைமையன்று. அகரவரிசையும், ஆண்டுவரிசையும், எந்த ஏட்டில் எந்தத் தோட்டம் கூறப்படுகின்றது என்னும் பட்டியலும் ஆக்குதல் பொறியின் பங்காகட்டும். வெளியிடலாமா, ஆகாதா என்பதை ஏட்டுக்குரியவரே கையெழுத்திட்டுக் கூறட்டும். வெள்ளத்தில் நனைந்து மை கரைந்து வரும் ஏடுகள் இன்னும் பல வீடுகளில் உள்ளன. முதல் சனிக்கிழமை அவற்றுக்கே ஒதுக்கப்படல் வேண்டும்.