பக்கத்து வீட்டு மாத்திரை

எங்கள் தெரு மருந்துக் கடையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். டாக்டர் சீட்டைவிடக் காலி மாத்திரை அட்டையை நீட்டுகிறவர்கள்தான் அதிகம். "இதே மாத்திரை பத்து குடுங்கண்ணே." அட்டை அவர்களுடையதாகக்கூட இருக்காது. மாடி வீட்டு அக்காவுடையது, இல்லாவிட்டால் ஆபீஸ் நண்பருடையது. "அவங்களுக்கு நல்லாக் கேட்டுச்சாம்" என்பதுதான் சிபாரிசு. கடைக்காரரும் கத்தரியை எடுத்து வெட்டிக் கொடுத்துவிடுகிறார். அக்காவுக்குக் கேட்டது நமக்கும் கேட்டே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இதை ஆதாரத்தோடு காட்டிய இடங்களில் ஒன்று சென்னை சேத்துப்பட்டில் இருக்கிறது.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கின. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆரம்பம் அதுதான். டி.பி. வந்தவர் சானடோரியத்தில் படுத்துக் கிடக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959இல் உலகத்துக்குச் சொன்னது அந்த மையம். அந்தப் புகழின் நிழலில் அவர்களுடைய இன்னொரு வேலை கவனிக்கப்படாமலே போய்விட்டது.

ஐசோனியசிட் 1952இல் புழக்கத்துக்கு வந்த மருந்து. இன்றும் டி.பி. சிகிச்சையின் தூண்களில் ஒன்று. உள்ளே போன ஐசோனியசிட்டைக் கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி செயலிழக்க வைக்கிறது. இந்த நொதி சிலருக்கு வேகமாக வேலை செய்யும், சிலருக்கு மெதுவாக. வேகமானவர்களின் ரத்தத்தில் மருந்து ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். மெதுவானவர்களுக்கு அதே பாதிக்கு வர 3, 4 மணி நேரம் ஆகும். உணவோ உடற்பயிற்சியோ இதை மாற்றாது. அப்பா அம்மாவிடமிருந்து வந்த சொத்து. ஜப்பானியர்களில் மெதுவானவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான். தென்னிந்தியர்களில் பாதிக்கும் மேல்.

சேத்துப்பட்டு மையத்துக்கு வந்தவர்கள் நகரத்தின் ஏழைகள், பாதி வயிற்றோடு வாழ்ந்தவர்கள். ஐசோனியசிட்டை அதிக அளவில் கொடுத்துப் பார்த்தபோது சிலருக்குக் கால் எரிச்சலும் மரமரப்பும் வந்தன. பெரும்பாலும் மெதுவான வகையினருக்கு. அவர்கள் உடம்பில் மருந்து நெடுநேரம் தங்கி, பி6 வைட்டமினைத் தின்று நரம்பைக் கெடுத்திருக்கிறது. தினமும் சில மில்லிகிராம் பி6 சேர்த்துக் கொடுத்தால் இதைத் தடுத்துவிடலாம் என்றும் அங்கேயே கண்டார்கள். பிறகு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியோடு வாரம் ஒரே ஒரு முறை ஐசோனியசிட் கொடுக்கும் முறையைச் சோதித்தார்கள். இப்போது அடி வேகமான வகையினருக்கு: மருந்து சீக்கிரமே கரைந்துவிடுவதால் நோய் சரியாக அடங்கவில்லை. தினமும் மருந்து எடுக்கிறவர்களிடம் இந்த வித்தியாசம் குணமாவதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை என்பது ஆறுதலான செய்தி.

நம் பக்கத்தில் இன்னொரு உதாரணமும் உண்டு. அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும்போது தசைகளைத் தளர்த்த சக்சினைல்கோலின் என்ற ஊசி போடுவார்கள். சில நிமிடங்களில் ரத்தத்தில் உள்ள ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். நோயாளி தானாக மூச்சு விடத் தொடங்குவார். அந்த நொதி அறவே இல்லாதவர்களுக்கு மணிக்கணக்கில் மூச்சு திரும்பாது, வென்டிலேட்டரில் வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும். இந்தக் குறைபாடு வைசிய சமூகத்தினரிடம் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுவதையும், அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தையும் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து 2006, 2007இல் எழுதினார்கள். சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுப்பதால் தங்கிவிட்ட மாற்றம் இது. இது நோயும் இல்லை. நொதி இல்லாதவர்கள் மற்றபடி நல்ல ஆரோக்கியத்தோடுதான் இருக்கிறார்கள். அந்த ஊசி உடம்பில் ஏறும்வரை அவர்களுக்கே விஷயம் தெரியாது.

மரபணுவைப் பற்றிப் பேசினால் உடனே "டெஸ்ட் எடுத்துடலாமா" என்கிறார்கள். தேவைப்படுகிற நோய்க்கு எடுக்கட்டும். ஆனால் எடைபோடும் இயந்திரத்தில்கூட நோயாளியை ஏற்றாத கிளினிக்குகள் இருக்கிற ஊரில் மரபணு வரைக்கும் ஏன் ஓட வேண்டும்?

எங்கள் பெரியம்மாவுக்கு 80 வயது, எடை 40 கிலோ. கால் எரிச்சலுக்குப் பிரிகாபலின் எழுதிக் கொடுத்தார்கள். நாலாம் நாளிலிருந்து தள்ளாட்டம், பகலெல்லாம் தூக்கம். "வயசாச்சுல்ல" என்றார்கள் வீட்டில். ரத்தப் பரிசோதனைத் தாளில் கிரியேட்டினின் 1.0, நார்மல் என்று அச்சடித்திருந்தது. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசையே வற்றிப்போனவருக்கு அந்த எண் நார்மலாகத் தெரிவதில் அதிசயம் என்ன? வயது, எடை, கிரியேட்டினின், ஆணா பெண்ணா என்ற நான்கையும் வைத்துச் சிறுநீரகத்தின் வேகத்தைக் கணிக்க, காக்கிராஃப்ட், கால்ட் என்ற இருவர் 1976இல் ஒரு கணக்கு தந்தார்கள். அதன்படி அதே 1.0 உள்ள, 30 வயது, 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு நிமிடத்துக்கு 107 மில்லி வருகிறது. பெரியம்மாவுக்கு 28. பிரிகாபலின் கிட்டத்தட்ட முழுவதும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வேறொரு டாக்டர் கணக்குப் போட்டு அளவைக் குறைத்தார். பெரியம்மா பழையபடி கைப்பிடி இல்லாமல் மாடி ஏறுகிறார்.

உணவைப் பற்றியும் டாக்டர் கேட்க வேண்டும். தைராய்டு மாத்திரையைக் காலைக் காபியோடு விழுங்கிவிட்டு "ஏறவே மாட்டேங்குது" என்று அளவைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் சாப்பிடுகிறவர் ஒரு வாரம் கீரையே தொடாமல், அடுத்த வாரம் தினமும் கீரை மசியல் சாப்பிட்டால் மருந்தின் வேகம் ஏறி இறங்கும். கீரையை விட வேண்டியதில்லை, ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். எடை எவ்வளவு, என்னென்ன மாத்திரை ஏற்கெனவே ஓடுகிறது, நாட்டு மருந்துக் கடை லேகியம் உண்டா, வீட்டில் யாருக்காவது ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சு திரும்பத் தாமதமானதா என்று எல்லாவற்றையும். டி.பி. மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கால் எரிந்தால் மாத்திரையை நிறுத்திவிடாமல், மருந்து கொடுத்தவரிடம் அன்றே போய்ச் சொல்லுங்கள்.